குரல் நின்றால் கையை எடுங்கள்

பழைய ஆபீசிலிருந்து பிரகாஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்ப்பவன். "பாய், சர்வரையெல்லாம் மாத்தப் போறோம். ஃபுல் குளோனா, லிங்க்டு குளோனா, இல்ல இப்ப வந்திருக்கிற இன்ஸ்டன்ட் குளோனா? நீங்க இன்னா சொல்றீங்க? ரெண்டு வரி எழுதி அனுப்புங்க போதும்" என்றான். ரெண்டு வரியாம். நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். முதல் வரியிலேயே அலமேலு வந்துவிட்டாள். அப்புறம் அது ரெண்டு வரியில் நிற்கவில்லை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் குடைக் கடை. கடை அண்ணனுக்குப் போனது, எனக்கு டிப்ளமோ வந்தது. டிவி ரிப்பேர் பார்த்தேன், கம்ப்யூட்டர் கோத்துக் கொடுத்தேன், சென்னையில் கொஞ்ச காலம் சர்வர் அறைகளில் குளிர்ந்துகொண்டு கிடந்தேன். ஊர்ப்பக்கம் ஒரு கம்பெனி வந்ததும் ஓடி வந்துவிட்டேன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

அந்தக் கம்பெனியின் வேலை, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது. நோயாளிக்கு என்ன செய்தார்கள், என்ன மருந்து, எப்போது வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று டாக்டர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார். நம் பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிப்பார்கள். டவுனில் ஒரு ஆபீஸ். கருணாபுரத்திலிருந்தும் வடக்கனந்தலிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். மேலே கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் ஒரு சின்னக் கிளை.

மேலே இருந்தவர்களிடம் கம்ப்யூட்டர் என்று ஒன்றும் கிடையாது. சின்னப் பெட்டி, மானிட்டர், கீபோர்டு. அவ்வளவுதான். அவர்கள் வேலை பார்க்கும் மெஷின் உண்மையில் கீழே கள்ளக்குறிச்சியில் எங்கள் சர்வருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். படம் மட்டும் மலைக்குப் போகும். அங்கே அடிக்கிற எழுத்து இங்கே வரும். இதை மலையில் விளக்கிச் சொன்னபோது ஒரு பெண், "அப்ப நாங்க இங்க குந்திக்கினு அங்க வேலை செய்றோமா சார்?" என்று கேட்டது. சரியாகத்தான் கேட்டது.

அந்த மெஷின்களை ஒவ்வொன்றாகச் செய்யமாட்டோம். ஒரு தாய் மெஷினைச் செய்து, அதிலிருந்து நகல் எடுப்போம். அந்த நகலை எப்படி எடுப்பது என்பதுதான் பிரகாஷின் கேள்வி. ஃபுல் குளோன் தனிக்குடித்தனம். தாயிடமிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு பிரிந்துவிடும். அதற்கென்று முழு வட்டு, அதாவது டிஸ்க், முழு இடம். அதன்பின் தாய்க்கு என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் இடத்தைத் தின்னும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டும். லிங்க்டு குளோன் கூட்டுக்குடும்பம். எல்லோருக்கும் தாயின் வட்டுதான். அவரவர் செய்கிற மாற்றம் மட்டும் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் சேரும். வேலை முடித்து வெளியே போனதும் அந்த மாற்றத்தையும் துடைத்துவிடும்படி வைக்கலாம், நாங்கள் அப்படித்தான் வைத்தோம். மறுநாள் காலையில் மெஷின் புதுசு. அடித்து முடித்த ஃபைல்கள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். மெஷினுக்குள் நீங்கள் செய்துவைத்த வசதிகள் மட்டும் இருக்காது. இன்ஸ்டன்ட் குளோன் என்பது ஓடிக்கொண்டிருக்கிற தாயிலிருந்தே சட்டென்று பிள்ளையைப் பிரிப்பது. அது எங்கள் காலத்தில் கடைசியில்தான் வந்தது.

தேர்ந்தெடுத்தவர் வசந்தா மேடம். எங்கள் தலைமை. விழுப்புரத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். "இன்னாங்க ரஹீம், இப்படிப் பண்ணிட்டீங்களேங்க" என்று அவர் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு தடவை தாய் மெஷினைச் சரிசெய்த பையன் ஒருத்தன் தன் கல்யாண போட்டோவை அதன் திரையில் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனான். காலையில் ஆபீஸ் முழுக்க, மலையிலும் டவுனிலும், எல்லா மானிட்டரிலும் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்கிறார்கள். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். மேடம் மட்டும் சிரிக்காமல் போய் அவனிடம், "ரொம்ப நல்லா இருக்காங்கங்க. சாயந்தரத்துக்குள்ள வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க" என்றார். கூட்டுக்குடும்பத்தில் ஒருத்தர் பண்ணுவது எல்லோர் தலையிலும் விடியும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு என்ன மெஷின் என்று முடிவு செய்யும் முன் அவர்களுடைய நாற்காலியில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து அவர்கள் வேலையைத் தானே செய்து பார்ப்பார். என்னையும் உட்கார வைப்பார். சர்வர் அறையில் இருந்துகொண்டு முடிவு எடுப்பது அவருக்குப் பிடிக்காது. அப்படி உட்கார்ந்து பார்த்துத்தான் எல்லோருக்கும் லிங்க்டு குளோன் என்று முடிவானது. எங்களிடம் இருந்த ஸ்டோரேஜுக்கு, அதாவது வட்டு இடத்துக்கு, வேறு வழியும் இல்லை.

அலமேலு சேர்ந்தது அதற்குப் பிறகு. வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். வீட்டில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் போனது. வெளியூரில் பார்வையற்றோர் பள்ளியில் படித்துத் தட்டச்சு கற்றுக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் எவ்வளவு முழுங்கி முழுங்கிப் பேசினாலும் அவளுக்குப் புரியும். கீபோர்டில் அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு நான் என் விரலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஸ்க்ரீன் ரீடர் ஒன்று அவளுக்கு வேண்டும். அதைத் தாய் மெஷினில் ஏற்றினேன், எல்லாம் சரி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மெஷின் அவளிடம் பேசவில்லை. அந்த மென்பொருளின் உரிமம் ஒரு மெஷினின் அடையாளத்தோடு கட்டப்பட்டது. தினமும் புதிதாகப் பிறக்கிற மெஷினை அது ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்கவைத்தாலும் அவள் வைத்திருந்த வேகம், சுருக்க எழுத்துகள், எல்லாம் போய்விட்டிருந்தன. அவள் நாலு எழுத்து அடித்தால் ஒரு முழு வாக்கியம் வந்து விழும்படி செய்துவைத்திருந்தாள், அதுதான் அவளுடைய வேகமே.

மேடம் மலைக்கு வந்தார். அலமேலு பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, மானிட்டரை அணைத்துவிட்டு, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு மத்தியானம் வரை வேலை பார்த்தார். அந்தக் குரல் போகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, கொசு கத்துகிற மாதிரி இருந்தது. அவர் எழுந்தபோது முகமெல்லாம் வேர்வை. "ரஹீம், இவங்களுக்குத் தனிக்குடித்தனம் போட்டுடுங்க" என்றார். இடம் இல்லையே என்றேன். அவருடைய மெஷின் ஒன்றுதான் அதுவரை ஃபுல் குளோன், அதை அழித்து அந்த இடத்தைக் கொடுத்தார். தனக்கு ஒரு லிங்க்டு குளோனை எடுத்துக்கொண்டார்.

அப்படி வெள்ளிமலையின் ஏழாம் மெஷின் ஃபுல் குளோன் ஆனது. எல்லா மெஷின்களுக்கும் நடுவில் அது ஒன்றுதான் தனி. அதைத் திறந்ததும் "ரெடி" என்று ஒரு சொல் சொல்லும்படி மேடமே வைத்துக் கொடுத்தார். மாதம் ஒருமுறை அதற்கு மட்டும் தனியாக அப்டேட் போட வேண்டும். முதலில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது திரும்பி வர ஒரு நிலை. பிறகு அப்டேட். மறுபடி இயக்க வேண்டும். அப்புறம் என் மானிட்டரை அணைத்துவிட்டு, ஹெட்போனோடு காத்திருக்க வேண்டும். "ரெடி" என்று கேட்டால்தான் வேலை முடிந்தது. முடிந்ததும் ஸ்னாப்ஷாட்டை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது வளர்ந்து இருக்கிற இடத்தையும் தின்றுவிடும். திரையைப் பார்த்து முடிந்தது என்று சொன்னால் மேடம் ஒத்துக்கொள்ளமாட்டார்.

மழைக்காலத்தில் ஒருநாள் லைன் திக்கியது. அலமேலுவுக்குக் குரல் நின்றுவிட்டது. குரல்தான் சிக்கிக்கொண்டது, எழுத்து போய்க்கொண்டுதான் இருக்கும் என்று நினைத்து அவள் அடித்துக்கொண்டே போயிருக்கிறாள். எழுத்து போனது உண்மைதான், ஆனால் வேறொரு நோயாளியின் ஃபைலுக்குள் போனது. ஒருத்தருடைய மருந்து இன்னொருத்தருடைய பெயருக்குக் கீழே. வெளியே அனுப்பும் முன் மேடம் கண்ணில் பட்டுவிட்டது. அலமேலு அழுத அழுகையை நான் எழுத விரும்பவில்லை. வேலை போய்விடும் என்றுதான் அவள் நினைத்தாள். வேலை போனால் வீட்டில் மறுபடியும் ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். எங்கே நடந்தாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அவளிடம் அபிப்பிராயமே கேட்கிறார்கள். அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "குரல் நின்னா கைய எடுத்துடுங்க அலமேலு. எதையும் தொடாதீங்க. திரும்ப குரல் வர்ற வரைக்கும் சும்மா இருங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் பரவால்லீங்க. அந்தப் பக்கம் நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். தன் மேசையில் ஒரு மூலையில் அந்த ஏழாம் மெஷினின் நிலையை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். அது அறுந்தால் சாப்பாட்டிலிருந்தும் எழுந்துவிடுவார். வெள்ளிமலையில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. அலமேலு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், லைன் போயிருக்கிறது, வந்துவிடும் என்று யாரும் கேட்கக்கூட மாட்டார்கள்.

மலையில் மின்சாரம் அடிக்கடி போகும். பேட்டரியை மானிட்டர்கள்தான் குடிக்கும். ஒருநாள் அலமேலு, "எனக்கு எதுக்கு மேடம் இந்த டிவி பொட்டி? இதைக் கழட்டிட்டா இன்னும் கொஞ்ச நேரம் ஓடும் இல்ல" என்றாள். கழற்றிவிட்டோம். அப்புறம் அவள் பெட்டிக்குப் படம் போகவில்லை. குரல் மட்டும் போனது, எழுத்து மட்டும் வந்தது. மின்சாரம் போய் மற்றவர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவள் ஒருத்தி மட்டும் டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

கம்பெனி கை மாறியது. புது முதலாளிகள் சென்னையில். கணக்குப் போட்டுப் பேசுகிறவர்கள். மேடத்துக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் எல்லோரிடமும் ஒரே மரியாதையோடு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். போகும்போது என்னிடம் "ஏழ பாத்துக்குங்க ரஹீம்" என்று மட்டும் சொன்னார். ஏழாம் மெஷினின் நிலை அன்றிலிருந்து என் மேசை மூலைக்கு வந்தது.

ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது. புதுசு வாங்க மாட்டார்களாம். சென்னையிலிருந்து ஒரு ஒப்பந்தக் குழு வந்தது. பயன்படாத மெஷின்களைக் கண்டுபிடித்து நீக்கி இடம் மீட்பது அவர்கள் வேலை. அதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஒரு மெஷின் எவ்வளவு படம் அனுப்புகிறது என்று அது பார்க்கும். படம் போகவில்லை என்றால் யாரும் பயன்படுத்தவில்லை என்று எழுதும். வெள்ளிமலை ஏழு முதலிடத்தில் வந்தது. யாருமே தொடாத மெஷின், அதுவும் முழு இடத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

நான் புது மேனேஜரிடம் போய் விளக்கிச் சொன்னேன். பார்வையில்லாத பெண் என்றேன், மானிட்டரே இல்லை என்றேன், தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதில்தான் வேலை நடக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "சரி பாய், அதை விட்டுடச் சொல்றேன்" என்றார். எழுதியும் அனுப்பினேன். கெட்டவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். தலையை ஆட்டினார், மறந்துவிட்டார். தலையாட்டுகிறவர்களை நம்பித்தானே எல்லா ஆபீசும் ஓடுகிறது.

மலைக்குப் புது பேட்டரிகள் லாரியில் உளுந்தூர்பேட்டைக்கு வந்து கிடந்தன. அவற்றை எடுக்க நான் போனேன். ரசீது, கையெழுத்து, வண்டி கிடைக்கவில்லை என்று அன்றைக்குப் பொழுது அங்கேயே போனது. மறுநாள் பேட்டரிகளோடு நேராக மலை ஏறினேன். வடக்கனந்தல் தாண்டும்போதே நல்ல மழை. வெள்ளிமலை போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் அலமேலுவைப் பார்த்தேன். ஹெட்போன் காதில். இரண்டு கையும் மடியில். முகத்தை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, எதையோ கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். சுற்றி எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா அலமேலு, லைன் போயிடுச்சா?" என்றேன்.

"ஆமா பாய். நேத்து காலையில போனது."

எனக்குப் புரியவில்லை. நேற்றா என்று திரும்பக் கேட்டேன். நேற்று காலையில் ஒரு ஃபைல் பாதியில் இருக்கும்போது குரல் நின்றதாம். கையை எடுத்துவிட்டாள். சாயங்காலம் பஸ் வரும்வரை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இன்றைக்கு வந்து பெட்டியைப் போட்டாள், "ரெடி" வரவில்லை. சரி, இன்னும் சரியாகவில்லை போல என்று உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பெண்களுக்கும் மழையில் லைன் விட்டுவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தது, அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அங்கிருந்தே கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டேன். ஒப்பந்தக் குழுப் பையன் ஒருத்தன் எடுத்தான். வெள்ளிமலை ஏழு எங்கே என்றேன். "அதுவா சார்? ஐடில் மெஷின், சும்மா கிடந்தது. நேத்து காலையில டெலிட் பண்ணியாச்சு. இடத்தையும் ரிலீஸ் பண்ணியாச்சு" என்றான். ரொம்ப மரியாதையாகச் சொன்னான். அவனைத் திட்டுவதற்குக்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவனுடைய கருவி சொன்னதை அவன் செய்தான். அவள் அதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் அதில் இல்லை என்று அழித்திருக்கிறான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள். அவள் காது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா. ஹெட்போனை மெதுவாகக் கழற்றி கீபோர்டு மேல் வைத்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே பாய்" என்றாள். "நான் கைய எடுத்து வெச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்."



திரும்பக் கொண்டுவர என்னால் ஆனதெல்லாம் செய்தேன். பேக்கப் தாய் மெஷினுக்கும் ஃபைல்களுக்கும்தான் உண்டு, ஏழாம் மெஷினுக்குள் இருந்ததற்கு இல்லை. போன இடத்தில் அதற்குள் வேறு நகல்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. அவளுடைய சுருக்க எழுத்துகள், வருஷக்கணக்கில் ஒவ்வொரு டாக்டர் பேசுகிற தினுசுக்கும் அவள் செய்துவைத்தவை, போனது போனதுதான். புது ஃபுல் குளோன் ஒன்று போடலாம், உரிமத்தைப் புதிதாக வாங்கலாம் என்று கேட்டேன். ஒருத்தருக்காகத் தனி முறை வைக்க முடியாது, எல்லோருக்கும் இனி லிங்க்டு குளோன்தான், அதுதான் கொள்கை என்று பதில் வந்தது. கொள்கை. அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போதும் எனக்கு எரிகிறது.

லிங்க்டு குளோனில் இலவசமாகக் கிடைக்கிற வேறொரு ஸ்க்ரீன் ரீடரை ஏற்றிக் கொடுத்தேன். உரிமப் பிரச்சினை இல்லை. ஆனால் தினமும் காலையில் அது அவளுக்கு ஒத்துவராத மந்தமான வேகத்தில், வேறு குரலில் எழுந்தது, சில நாள் எழவே இல்லை. அமைப்புகளை வேறு இடத்தில் சேர்த்துவைத்துக் காலையில் திரும்ப ஏற்றும்படி செய்து பார்த்தேன். பாதி வந்தது, பாதி வரவில்லை. ஒவ்வொரு நாளும் பக்கத்து நாற்காலிப் பெண் எழுந்து வந்து, ஒரு மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டி, அதைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. அலமேலுவுக்குத்தான் தாங்கவில்லை.

வேலையை விடுகிறேன் என்று என்னிடம்தான் முதலில் சொன்னாள். "இங்க சேந்த நாள்லேந்து நான் யாரையும் கூப்புட்டது இல்ல பாய். இப்ப டெய்லி காலையில கூப்புட வேண்டியதா இருக்குது. அதுக்கு வூட்லயே இருக்கலாம்."

இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். சிரித்தாள். அன்றைக்கு அவளை அழைத்துப் போக அண்ணன் வந்திருந்தான். வாசலில் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் உதறவில்லை. வேலைக்கு வந்த காலமெல்லாம் அந்தப் படியில் அவள் தனியாகத்தான் இறங்குவாள், அது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நானும் அதிக நாள் இருக்கவில்லை. வயது வந்தது, ஓய்வு கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். மேனேஜர் மேடையில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார். அலமேலு இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். டீ கொடுத்தார்கள். மூலையில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் அதே வேகம்.

பிரகாஷ், நீ கேட்டதற்கு வருகிறேன். இடம் கம்மியா, எல்லோருக்கும் ஒரே வேலையா, லிங்க்டு குளோன் போடு. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து ஸ்டோரேஜ் மூச்சுத் திணறுகிறதா, இன்ஸ்டன்ட் குளோன் பார். உரிமம் மெஷினோடு கட்டப்பட்டதா, ஆள் தன் கைக்கு ஏற்ற மாதிரி மெஷினைச் செய்துகொள்கிறவரா, ஃபுல் குளோன்தான், வேறு பேச்சே இல்லை. ஆனால் இதை முடிவு செய்வதற்கு முன் அவரவர் நாற்காலியில் ஒரு காலைப்பொழுது போய் உட்கார். எதையாவது அழிப்பதற்கு முன்னும் போய் உட்கார். ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு சர்வர் அறையில் குந்திக்கொண்டு இருக்காதே.

இதை எழுதுவதற்கு முன் வசந்தா மேடத்துக்குப் போன் செய்தேன். இந்த விஷயம் அவருக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், தெரியாமலே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். மெஷின் அழிந்தது அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டோரேஜைப் பற்றியோ மேனேஜரைப் பற்றியோ கேட்கவில்லை.

"அவங்க எவ்ளோ நேரம் காத்துக்கினு இருந்தாங்க ரஹீம்?" என்று கேட்டார்.

முதல் நாள் முழுக்க, மறுநாள் மத்தியானம் வரைக்கும் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அதே மெதுவான குரலில், "நான்தானேங்க கைய எடுக்கச் சொன்னேன்" என்றார்.

கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்துவிட்டு நான்தான் போனை வைத்தேன்.